பதினாறும் முப்பத்தெட்டும் ஒரே வரிசையில்

2024 ஜூலை 9, மியூனிக். யூரோ கோப்பை அரை இறுதியில் ஸ்பெயினும் பிரான்ஸும். ஸ்பெயினின் வழக்கமான ரைட் பேக் டானி கார்வஹால் தடையில் இருந்ததால், அந்த இடத்தில் ஹெசூஸ் நவாஸ் இறங்கினார். வயது 38. அவருக்கு முன்னால், அதே வலது ஓரத்தில், லமீன் யமால். வயது 16. ஒன்பதாவது நிமிடத்தில் எம்பாப்பே நவாஸின் பக்கத்திலிருந்து பந்தைத் தூக்கிப் போட, கோலோ முவானி தலையால் முட்டி பிரான்ஸை முன்னிலைக்குக் கொண்டுபோனார். 21-வது நிமிடத்தில் யமால் பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து இடது காலால் வளைத்து அடித்த பந்து, தூரத்துக் கம்பத்தில் பட்டு உள்ளே போனது. யூரோ வரலாற்றில் மிக இளம் வயதில் அடிக்கப்பட்ட கோல் அது. நான்கு நிமிடம் கழித்து டானி ஓல்மோவின் கோல். ஸ்பெயின் 2-1 என வென்றது.

அந்த வலது ஓரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2010 ஜூலை 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் ஸ்பெயின் உலகக் கோப்பையை வென்றபோது நவாஸ் மாற்று ஆட்டக்காரராகக் களத்தில் இருந்தார். 116-வது நிமிடத்தில் இனியெஸ்டா அடித்த கோலுக்கான ஓட்டம் அவர் காலிலிருந்துதான் தொடங்கியது. அன்று யமாலுக்கு மூன்று வயது நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்தது. 2010-இல் கோப்பை வென்ற 23 பேரில் 2024 அணியில் எஞ்சியிருந்தவர் நவாஸ் ஒருவரே. இடையில் பதினான்கு ஆண்டுகள், ஒரு பெரிய சரிவு, மூன்று நான்கு ஏமாற்றங்கள், பல பயிற்சியாளர்கள். தேசிய அணிகளில் தலைமுறை மாறுவது எப்படி என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான பாடம் அண்மைக் காலத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

பெரிய தொடரில் ஒரு அணி தோற்றதும் நாம் எல்லோரும் ஒரே குரலில் கேட்பது, "கிழடுகளை எடுத்துவிட்டு இளைஞர்களைப் போடு" என்பதுதான். கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோரிக்கைக்குள் ஒரு தவறான கணக்கு ஒளிந்திருக்கிறது. தோற்ற மறுநாள் முடிவெடுத்தால் அடுத்த தொடருக்குள் புதிய அணி தயாராகிவிடும் என்று அது நம்புகிறது. உண்மையில் ஒரு உலகக் கோப்பைக்கான நடுக்களம் பத்து ஆண்டுக்கு முன்பே, பதினைந்து பதினாறு வயதுப் பையன்களின் பயிற்சித் திடல்களில் உருவாகத் தொடங்கிவிடுகிறது. தேசியப் பயிற்சியாளரின் கையில் இருப்பது அதன் கடைசிக் கட்டம் மட்டும்தான். அந்தக் கடைசிக் கட்டத்திலும் யாரை நீக்குகிறார் என்பதைக் காட்டிலும், மூத்தவரும் இளையவரும் எவ்வளவு காலம் சேர்ந்து ஆடினார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

கிளப் பயிற்சியாளருக்கும் தேசியப் பயிற்சியாளருக்கும் உள்ள வித்தியாசம் இங்கே முக்கியம். கிளப்பில் லெஃப்ட் பேக் சரியில்லை என்றால் ஜனவரியிலோ கோடையிலோ பணம் கொடுத்து வேறொருவரை வாங்கலாம். தேசிய அணியில் அது முடியாது. அந்த நாட்டில் ஒரு குறிப்பிட்ட நான்கைந்து ஆண்டுகளில் நல்ல லெஃப்ட் பேக் பிறக்கவில்லை என்றால் பிறக்கவில்லைதான். நேரமும் கிடையாது. ஆண்டில் நான்கைந்து முறைதான் வீரர்கள் வருவார்கள். பெரும்பாலும் பத்து நாள் போல, அதில் இரண்டு ஆட்டம். பயணக் களைப்பு, சிறு காயங்கள், ஆட்டத்துக்கு முந்தைய நாள் லேசான பயிற்சி எல்லாம் கழித்தால், உட்கார்ந்து கற்றுக்கொடுக்க மிஞ்சுவது சில அமர்வுகள் மட்டுமே. கிளப்பில் ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுப்பதை இங்கே ஓர் ஆண்டில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதனால்தான் தேசியப் பயிற்சியாளர்கள் பழகிய முகங்களை விடமாட்டேன் என்கிறார்கள். ஏற்கெனவே சேர்ந்து ஆடத் தெரிந்த ஏழெட்டுப் பேர் இருப்பது அவர்களுக்குப் பெரும் சொத்து. யார் எங்கே நிற்பார், எப்போது ஓடுவார் என்று ஒருவருக்கொருவர் சொல்லத் தேவையில்லை. அந்தச் சொத்தின் மதிப்பு எந்த மாதத்திலிருந்து குறையத் தொடங்குகிறது என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. இரண்டு உலகக் கோப்பைகளுக்கு இடையில் இருப்பது நான்கு ஆண்டு. 27 வயதில் உச்சத்தில் இருந்தவர் அடுத்த முறை 31, முப்பதில் இருந்தவர் 34. கணக்கு எளிது. ஆனால் 34-இலும் சிலர் ஓடுகிறார்கள், 29-இலேயே சிலருக்கு முழங்கால் போய்விடுகிறது.

ஸ்பெயின் கதைக்கு வருவோம். 2008 யூரோ, 2010 உலகக் கோப்பை, 2012 யூரோ. ஐரோப்பிய அணிகள் எதுவும் அதற்கு முன் தொடர்ந்து மூன்று பெரிய கோப்பைகளை வென்றதில்லை. 2012 இறுதியில் இத்தாலியை 4-0 என்று அடித்த அணியைப் பார்த்தவர்கள், இது இன்னும் பத்து ஆண்டு ஓடும் என்றே நினைத்திருப்பார்கள். 2014-இல் பயிற்சியாளர் விசென்டே டெல் போஸ்கே பிரேசிலுக்குக் கூட்டிப் போன 23 பேரில் 16 பேர் 2010 அணியில் இருந்தவர்கள். முதல் ஆட்டம் ஜூன் 13, சால்வடார் நகரில், நெதர்லாந்துக்கு எதிராக. களமிறங்கிய பதினொருவரில் ஏழு பேர் 2010 இறுதிப் போட்டியிலும் தொடக்கத்திலிருந்தே ஆடியவர்கள். ஷாவிக்கு 34 வயது, கசியாஸுக்கு 33, ஷாபி அலோன்சோவுக்கு 32.

அலோன்சோ பெனால்டியில் கோல் அடித்து ஸ்பெயின்தான் முன்னிலை பெற்றது. 44-வது நிமிடத்தில் வான் பெர்சி காற்றில் பாய்ந்து தலையால் தட்டிய பந்து, முன்னே வந்து நின்ற கசியாஸின் தலைக்கு மேல் வளைந்து உள்ளே விழுந்தது. இரண்டாம் பாதியில் ராபன் இரண்டு முறை ஸ்பெயின் தற்காப்பைப் பிளந்துகொண்டு ஓடினார். இன்னொரு கோலில் கசியாஸ் காலுக்கு வந்த பந்தை அடக்க முடியாமல் வான் பெர்சிக்கே கொடுத்துவிட்டார். 1-5. அந்த சீசனில் ரியல் மாட்ரிடின் லீக் ஆட்டங்களில் கசியாஸ் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார் என்பதை நினைவில் வைத்தால், அந்தத் தடுமாற்றம் ஒரே இரவில் வந்ததல்ல என்பது புரியும். அடுத்த ஆட்டத்தில் டெல் போஸ்கே ஷாவியையும் பிக்கேவையும் வெளியே வைத்தார். சிலி 2-0 என வென்றது. உலகச் சாம்பியன் இரண்டே ஆட்டத்தில் வெளியே.

இந்தச் சரிவில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. ஸ்பெயினிடம் அப்போது இளைஞர்கள் இல்லாமல் இல்லை. 21 வயதுக்கு உட்பட்டோருக்கான யூரோ கோப்பையை அந்த நாடு 2011-இலும் வென்றது, 2013-இலும் வென்றது. 2013 இறுதியில் இத்தாலியை 4-2 என வீழ்த்தியபோது தியாகோ மூன்று கோல் அடித்தார். டி கெயா, இஸ்கோ, கோகே, மொராட்டா எல்லோரும் அந்த அணியில் இருந்தார்கள். நாற்றங்காலில் நாற்று தளதளவென்று நின்றது; நடுவதற்கு வயலில் இடமில்லை. ஷாவி, இனியெஸ்டா, அலோன்சோ, புஸ்கெட்ஸ், சில்வா, ஃபாப்ரெகாஸ் என்று நடுக்களம் நிரம்பி வழிந்தது. 2014-இல் தியாகோ காயத்தால் வரவில்லை, இஸ்கோவை எடுக்கவில்லை, டி கெயாவும் கோகேவும் அணியில் இடம்பெற்றார்கள், ஆனால் முதல் ஆட்டத்தில் தொடக்கப் பதினொருவரில் இருவருமே இல்லை. மூத்தவர்கள் விலகிய பிறகு அந்தப் பிள்ளைகளின் கையில் சட்டை வந்தபோது, அணியைத் தோளில் தாங்கிப் பழகிய அனுபவம் அவர்களுக்கு இருக்கவில்லை. அது அவர்கள் குற்றமில்லை. 20 வயதில் பெரியவர்களோடு ஆடியிருக்க வேண்டிய இருபது முப்பது ஆட்டங்கள் அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. 2016 யூரோவில் இத்தாலியிடமும், 2018-இல் ரஷ்யாவிடம் பெனால்டியிலும் ஸ்பெயின் வெளியேறியதற்கு வேறு காரணங்களும் உண்டு. 2018 தொடர் தொடங்க ஒரு நாள் இருக்கும்போது பயிற்சியாளர் லோபெடேகியையே நீக்கினார்கள். ஆனாலும் இடையில் விடுபட்டுப்போன ஒரு தலைமுறையின் வெற்றிடம் அந்த ஆண்டுகள் முழுவதும் தெரிந்தது.

டெல் போஸ்கேயைக் குறை சொல்வது சுலபம். அவர் இடத்தில் இருந்து யோசித்தால் சுலபமில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் இறுதிப் போட்டியில் நான்கு கோல் வித்தியாசத்தில் வென்ற அணியைக் கலைத்துவிட்டுத் தோற்றிருந்தால் அவரை யார் மன்னித்திருப்பார்கள்? வெற்றிதான் பயிற்சியாளரின் கண்ணை மறைக்கும் முதல் பொருள். தோல்வி குறையைக் காட்டிக்கொடுக்கும். வெற்றி, இருக்கும் குறையையும் மூடிவிடும். இது ஸ்பெயினுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1998-இல் உலகக் கோப்பையை வென்ற பிரான்ஸ் 2002-இல் ஒரு கோல்கூட அடிக்காமல் குழுச் சுற்றிலேயே வெளியேறியது. 2006-இல் வென்ற இத்தாலியின் பயிற்சியாளர் லிப்பி, அதே அணியிலிருந்து ஒன்பது பேரை 2010-க்கும் கூட்டிப் போனார். நியூசிலாந்தோடு டிரா, ஸ்லோவாக்கியாவிடம் தோல்வி, குழுவில் கடைசி இடம். 2010-இல் வென்ற ஸ்பெயினைப் பார்த்தோம். 2014-இல் வென்ற ஜெர்மனி 2018-இல் தென் கொரியாவிடம் 0-2 எனத் தோற்று ஊருக்குப் போனது.

ஜெர்மனியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நல்ல மாற்றமும் கெட்ட மாற்றமும் ஒரே நாட்டில், ஒரே பயிற்சியாளரின் காலத்தில் நடந்தன.

2000 யூரோவில் ஜெர்மனி ஓர் ஆட்டமும் வெல்லாமல் குழுவில் கடைசியாக வந்தது. 39 வயது லோதார் மத்தேயுஸ் இன்னமும் தற்காப்பில் நின்றார். அவருக்குப் பதில் யார் என்ற கேள்விக்கு அந்த நாட்டில் விடை இல்லை. அப்போது ஜெர்மன் கால்பந்துச் சங்கம் செய்தது, நம் ஊர்களில் எந்த விளையாட்டுச் சங்கமும் படித்துப் பார்க்க வேண்டிய விஷயம். யாரையும் நீக்கிப் பயனில்லை என்று புரிந்துகொண்டு அவர்கள் கீழே இறங்கினார்கள். முதல் டிவிஷன் கிளப்புகள் இளைஞர் அகாடமி நடத்தினால்தான் லைசென்ஸ் என்றார்கள். கிளப்புகளின் கண்ணில் படாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக நாடு முழுவதும் 360-க்கும் மேற்பட்ட பயிற்சி மையங்களைத் திறந்தார்கள். வாரம் ஒரு மாலை, அருகிலிருக்கும் மையத்துக்கு வந்தால் போதும். பலன் உடனே வரவில்லை. 2009-இல் 21 வயதுக்கு உட்பட்டோர் யூரோ இறுதியில் ஜெர்மனி இங்கிலாந்தை 4-0 என வீழ்த்தியது. நோயர், போயட்டெங், ஹும்மல்ஸ், ஹோவெடெஸ், கெடீரா, ஓசில். அந்த ஆறு பேரும் ஐந்து ஆண்டு கழித்து மரக்கானாவில் உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். அவர்களோடு நின்றவர்கள் லாம், குளோசா, மெர்ட்டசாக்கர் போன்ற மூத்தவர்கள். குளோசாவுக்கு அப்போது 36 வயது. இந்தக் கலவைதான் முக்கியம்.

2017-இல் பயிற்சியாளர் யோவாக்கிம் லோவ் முன்னணி வீரர்களில் பெரும்பாலோருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, இளைஞர்களோடு கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பைக்குப் போனார். அதையும் வென்றார். மாற்று தயார் என்று தெரிந்துவிட்டது. ஆனால் மறு ஆண்டு ரஷ்யாவில் அவர் மறுபடியும் பழைய பெயர்களிடம் திரும்பினார். 2014 அணியிலிருந்து ஒன்பது பேர். இங்கிலாந்து லீக்கில் அந்த ஆண்டின் சிறந்த இளம் வீரர் விருது பெற்ற லெராய் சானேவை வீட்டில் விட்டுவிட்டுப் போனார். பலன் தெரியும்.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் அழுத்தமான பாடம். 2019 மார்ச்சில் லோவ் மியூனிக்குக்குப் போய் முல்லர், ஹும்மல்ஸ், போயட்டெங் மூவரையும் நேரில் சந்தித்து, இனி உங்களுக்குத் தேசிய அணியில் இடமில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். மூவருக்கும் அப்போது முப்பது அல்லது அதற்கு நெருக்கம். ரசிகர்கள் கேட்ட "சுத்தமான வெட்டு" இதுதான். 2020 நவம்பரில் அந்தப் புதிய ஜெர்மனி செவில் நகரில் ஸ்பெயினிடம் 0-6 எனத் தோற்றது. 2021 மே மாதம் முல்லரையும் ஹும்மல்ஸையும் லோவ் திரும்பக் கூப்பிட்டார். இரண்டு ஆண்டு இழந்ததுதான் மிச்சம். வைத்திருந்ததும் தவறு, வெட்டியதும் தவறு என்றால் என்னதான் செய்வது என்று கேட்கலாம். இரண்டிலும் இருந்த தவறு ஒன்றே: மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இளையவர் ஒருவர் பல மாதங்கள் சேர்ந்து ஆடும் காலம் இரண்டிலுமே இல்லை. 2018-இல் இளையவர் உள்ளே வரவில்லை. 2019-இல் மூத்தவர் பக்கத்தில் இல்லை.

அந்தச் சேர்ந்தாடும் காலத்தைச் சரியாகக் கையாண்டவர் லியோனல் ஸ்கலோனி. 2018-இல் அர்ஜென்டினா பிரான்ஸிடம் 3-4 எனத் தோற்று வெளியேறியதும், மஸ்கெரானோ ஓய்வு அறிவித்தார். மெஸ்ஸி சில மாதம் ஒதுங்கியிருந்தார். எந்த சீனியர் அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்திராத ஸ்கலோனியைத் தற்காலிகமாகத்தான் நியமித்தார்கள். மெஸ்ஸி இல்லாத அந்த மாதங்களை அவர் வீணாக்கவில்லை. ரோட்ரிகோ டி பால் போன்றவர்களைக் கொண்டுவந்து, ஒரு நடுக்களத்தை மெல்ல மெல்லக் கட்டினார். 2019 மார்ச்சில் மெஸ்ஸி திரும்பியபோது, அவரைச் சுற்றி ஓடவும் அவருக்காகப் பந்தைப் பறிக்கவும் ஒரு கூட்டம் இருந்தது. அந்த ஆண்டு கோபா அமெரிக்காவில் மூன்றாம் இடம். 2021-இல் மரக்கானாவில் பிரேசிலை 1-0 என வென்று, 1993-க்குப் பிறகு முதல் பெரிய கோப்பை.

2018 உலகக் கோப்பை அணியிலிருந்து 2022-இல் கத்தாருக்குப் போனவர்கள் ஏழு பேர் மட்டும்: மெஸ்ஸி, டி மரியா, ஒட்டமெண்டி, டக்லியாஃபிகோ, அக்குன்யா, அர்மானி, டிபாலா. நான்கு ஆண்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மாறிவிட்டது. ஆனால் முதுகெலும்பில் 35 வயது மெஸ்ஸியும் 34 வயது ஒட்டமெண்டியும் டி மரியாவும் நின்றார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புதியவர் என்றால் இளையவர் என்று பொருளில்லை. கோல்கீப்பர் எமிலியானோ மார்டினெஸ் தேசிய அணிக்கு முதன்முதலாக ஆடியது 2021 ஜூனில், 28 வயதில். ஏறக்குறைய ஒரு மாதத்தில் கோபா அரை இறுதியில் கொலம்பியாவின் மூன்று பெனால்டிகளைத் தடுத்தார். தலைமுறை மாற்றத்தைப் பிறந்த தேதியை மட்டும் வைத்து அளக்கிறவர்கள் இப்படிப்பட்டவரைத் தவறவிடுவார்கள்.

கத்தாரில் முதல் ஆட்டத்தில் சவூதி அரேபியா 2-1 என வென்று, அர்ஜென்டினாவின் 36 ஆட்டத் தோல்வியற்ற ஓட்டத்தை முடித்துவைத்தது. அப்போது ஸ்கலோனி எடுத்த முடிவுகளை நான் மிக மதிக்கிறேன். அடுத்த ஆட்டத்தில் மாக் அலிஸ்டர் உள்ளே வந்தார். போலந்துக்கு எதிராக 21 வயது என்ஸோ பெர்னாண்டஸும் 22 வயது ஹூலியன் ஆல்வாரெஸும் தொடக்கத்திலிருந்தே ஆடினார்கள். மூவரும் இறுதிப் போட்டி வரை அசையவில்லை. அந்த வார நெருக்கடியில் இளைஞர்களை நம்பி இறக்க முடிந்ததற்குக் காரணம், சுற்றியிருந்த மற்றவர்கள் மூன்று நான்கு ஆண்டாகச் சேர்ந்து ஆடிப் பழகியிருந்தார்கள் என்பதே.

ஸ்பெயினின் மீட்சி வேறு வழியில் நடந்தது. அங்கே மாற்றத்தைச் சுமந்து வந்தவர் லூயிஸ் டி லா ஃபுவென்தே. பெரிய கிளப் எதையும் நடத்திய புகழ் அவருக்கு இல்லை. ஆனால் 2013 முதல் ஸ்பெயின் சங்கத்தின் இளையோர் அணிகளோடுதான் இருந்தார். 2015-இல் 19 வயதுக்கு உட்பட்டோர் யூரோவை வென்றபோது அவர் அணியில் ரோட்ரி, மெரினோ, உனாய் சிமோன் இருந்தார்கள். 2019-இல் 21 வயதுக்கு உட்பட்டோர் கோப்பை; அதில் ஃபாபியான் ரூயிஸ், ஓல்மோ, ஒயார்சாபல். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. அதில் பெட்ரி, குகுரெயா, சுபிமெண்டி. 2022 உலகக் கோப்பையில் மொராக்கோவிடம் பெனால்டியில் தோற்று லூயிஸ் என்ரிக்கே விலகியதும், அவரை சீனியர் அணிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது ஆட்டத்திலேயே ஸ்காட்லாந்திடம் 0-2 தோல்வி. "இவருக்கு இந்த வேலை தாங்குமா" என்று பத்திரிகைகள் கேட்டன. சங்கம் அசையவில்லை. மூன்று மாதத்தில் நேஷன்ஸ் லீக் கோப்பை வந்தது.

2024 யூரோவில் அவர் செய்த ஆள் மாற்றங்களைப் பார்த்தால், இந்தப் பத்தாண்டுப் பழக்கத்தின் பலன் தெரியும். கால் இறுதியில் ஜெர்மனிக்கு எதிராக எட்டாவது நிமிடத்தில் பெட்ரி காயத்தோடு வெளியே போக, உள்ளே வந்த ஓல்மோ முதல் கோலை அடித்தார். மாற்று ஆட்டக்காரராக வந்த மெரினோ 119-வது நிமிடத்தில் வெற்றி கோலை அடித்தார். இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக, அணியின் அச்சாணியான ரோட்ரியால் இரண்டாம் பாதியில் ஆட முடியவில்லை. சுபிமெண்டி வந்தார், ஆட்டம் குலையவில்லை. இரண்டாம் பாதி தொடங்கி இரண்டாவது நிமிடத்திலேயே யமால் கொடுத்த பந்தில் நிகோ வில்லியம்ஸின் கோல். 86-வது நிமிடத்தில் இடது ஓரத்திலிருந்து குகுரெயா தட்டிவிட, மாற்றாக வந்திருந்த ஒயார்சாபல் காலை நீட்டி முடித்தார். குகுரெயா, ஒயார்சாபல், சுபிமெண்டி மூவரும் டோக்கியோவில் இதே பயிற்சியாளரின் கீழ் ஆடியவர்கள். வெளியே இருப்பவர்களுக்கு பெஞ்சிலிருந்து வந்த அதிசயமாகத் தெரிவது, உள்ளே இருப்பவர்களுக்கு ஆண்டுக்கணக்கான பழக்கம்.

மூத்த நட்சத்திரம் ஒருவரே இடத்தை அடைத்து நிற்கும்போது என்ன செய்வது என்பது இதிலேயே கடினமான கேள்வி. கிறிஸ்டியானோ ரொனால்டோவை 2022 டிசம்பரில் போர்ச்சுகல் பெஞ்சில் உட்கார வைத்தது. அவர் இடத்தில் வந்த கொன்சாலோ ராமோஸ் சுவிட்சர்லாந்துக்கு எதிராக மூன்று கோல் அடித்தார், 6-1. அத்தோடு முடிந்தது என்றார்கள். அடுத்த ஆட்டத்தில் மொராக்கோவிடம் போர்ச்சுகல் தோற்றது. 2024 யூரோவில் ரொனால்டோ ஐந்து ஆட்டத்திலும் தொடக்கத்திலிருந்தே ஆடி ஒரு கோலும் அடிக்கவில்லை; இப்போதாவது விட வேண்டும் என்றார்கள். 2025 ஜூனில் நாற்பது வயதில், நேஷன்ஸ் லீக் அரை இறுதியில் ஜெர்மனிக்கு எதிராகவும் இறுதியில் ஸ்பெயினுக்கு எதிராகவும் கோல் அடித்தார். போர்ச்சுகல் கோப்பையை வென்றது. இதில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் பேசுகிறவர்கள் நேர்மையாகப் பேசவில்லை. ஓர் ஆட்டத்துக்கு யார் வேண்டும் என்பதும், மூன்று ஆண்டுக்குப் பிறகு யார் வேண்டும் என்பதும் வேறு வேறு கேள்விகள். அவர் ஆடிய ஒவ்வொரு நிமிடமும் ராமோஸ் போன்ற ஒருவருக்குக் கிடைக்காத நிமிடம். அதன் விலை உடனே தெரியாது.

நம் நாட்டிலும் இதே கேள்வி வேறு உருவத்தில் நிற்கிறது. இந்திய ஸ்டிரைக்கர் சுனில் சேத்ரி 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிரான ஆட்டத்தோடு 94 சர்வதேச கோல்களுடன் விடைபெற்றார். பத்து மாதம் ஆவதற்குள், நாற்பது வயதில், திரும்பி வர வேண்டியிருந்தது. வந்த ஆட்டத்தில் கோலும் அடித்தார். அவர் போகாமல் இடத்தை அடைத்தார் என்று சொல்ல முடியாது. போனபோது அந்த இடத்துக்கு ஆள் இல்லை. நம் லீக் அணிகள் ஸ்டிரைக்கர் இடத்தை வெளிநாட்டு வீரர்களுக்கே பெரும்பாலும் கொடுக்கும்போது, இந்திய ஸ்டிரைக்கர் எங்கே ஆடிப் பழகுவார்? ஸ்பெயினுக்கு 2014-இல் இருந்தது இடமில்லாச் சிக்கல். நமக்கு இருப்பது ஆளில்லாச் சிக்கல். மருந்தும் வேறு.

இவ்வளவும் சொன்ன பிறகு, இளைஞர்களைச் சீக்கிரம் கொண்டுவருவதிலும் ஓர் ஆபத்து இருப்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2021 கோடையில் பெட்ரிக்கு 18 வயது. யூரோவில் ஏறக்குறைய எல்லா நிமிடமும் ஆடினார், தொடரின் சிறந்த இளம் வீரர் விருதும் வாங்கினார். சில வாரங்களில் அதே பையனை ஒலிம்பிக்குக்கும் கூட்டிப் போனார்கள். கிளப், நாடு என்று அந்த சீசனில் எழுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். அதற்கடுத்த ஆண்டுகளில் தசைக் காயங்களால் அவர் மீண்டும் மீண்டும் மாதக்கணக்கில் வெளியே இருந்தார். 2023 நவம்பரில், யூரோவுக்கு ஸ்பெயின் ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்ட பிறகு ஜார்ஜியாவுடன் நடந்த ஆட்டத்தில் இன்னொரு இளைஞரான காவியின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அப்போது அவருக்கு 19 வயது. 2024 யூரோவை அவர் களத்துக்கு வெளியேதான் பார்க்க வேண்டியிருந்தது.

இப்போது யமால். 2025 செப்டம்பரில், வலி இருக்கும்போதே மாத்திரை கொடுத்து அவரைத் தேசிய அணிக்கு ஆட வைத்தார்கள் என்று பார்சிலோனா பயிற்சியாளர் ஹன்சி ஃபிளிக் வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். சம்பளம் கொடுப்பது கிளப், கோப்பை வெல்வது நாடு, உடம்பு பையனுடையது. மூத்தவர்களின் ஓய்வைப் பற்றி நூறு விவாதம் நடக்கிறது. பதினெட்டு வயதுக்காரர் ஓர் ஆண்டில் எத்தனை ஆட்டம் ஆடலாம் என்பதற்கு, கிளப்பையும் சங்கத்தையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் ஓர் எல்லையை ஃபிஃபாவும் யுஇஎஃப்ஏவும் உட்கார்ந்து பேசி எழுத வேண்டும். வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ ஆட்டச் சுமையைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.